அலைக்கு எட்டாத சாலை

ஜப்பான் தேசத்தின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதன் வடகிழக்குக் கரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீட்டில் குழந்தை கையில் கத்தரிக்கோல் அகப்பட்டால் காகிதத்தின் ஓரம் என்ன கதிக்கு ஆளாகுமோ, அந்தக் கதியில் இருக்கும் அந்தக் கரை! ஓரிடத்தில் மலை கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. அடுத்த இடத்தில் கடல் மலைக்குள் நாக்கை நீட்டுகிறது. அந்த நாக்கின் நுனியில் ஒரு கைப்பிடி அளவு சமநிலம். அதில் ஓர் ஊர். ஊருக்கு முன்னால் மீன்பிடி படகுகள். பின்னால் செங்குத்தாக மலை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஊர்கள்.

இந்தப் பிராந்தியத்துக்குச் சான்ரிக்கு என்று பெயர். 'சான்' என்றால் மூன்று. 'ரிக்கு' என்னும் எழுத்தைத் தங்கள் பெயரில் கொண்டிருந்த மூன்று பழைய நாடுகள் சேர்ந்த சீமை என்று அர்த்தம். இந்தச் சீமையின் கரையோரமாக, தெற்கே சென்டாய் நகரத்திலிருந்து வடக்கே ஹச்சினோஹே நகரம் வரையில், 359 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விரைவுச் சாலை போட்டிருக்கிறார்கள்.

"சாலை போட்டால் போட்டார்கள், அதில் நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சாலைக்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் பள்ளிக்கூடக் குழந்தைகள் இருக்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிகள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு கணக்கும் இருக்கிறது.

பண்டிகை நாளில் வந்த கடல்

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதிக்குப் பிறகு 'சுனாமி' என்ற வார்த்தையை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சென்னைக் கடற்கரையிலும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது ஜப்பானிய வார்த்தை. 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. நடுக்கடலில் இருக்கும் படகுக்கு ஒன்றும் தெரியாது. துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் அது தன் சொரூபத்தைக் காட்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

சான்ரிக்குக் கரையில் இந்த அலை வந்து வந்து போயிருக்கிறது. 1896-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி வந்தபோது சுமார் 22,000 பேரைக் கொண்டுபோயிற்று. அன்று பழைய பஞ்சாங்கப்படி ஆண் குழந்தைகளுக்கான பண்டிகை. 1933-ம் வருஷம் மார்ச் 3-ந் தேதி விடிவதற்கு முன்னால் மறுபடியும் வந்தது. 3,000 பேர் போனார்கள். அன்று பெண் குழந்தைகளுக்காகப் பொம்மைக் கொலு வைத்துக் கொண்டாடும் தினம்! 1960-ல் பூமியின் மறுபக்கத்தில் உள்ள சிலி தேசத்தில் பூகம்பம் ஏற்பட்டது. அந்த அலை ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வந்து இந்தக் கரையையும் அடித்தது. ஜப்பானில் 140 பேருக்கு மேல் மாண்டார்கள்.

கரை வெட்டு வெட்டாக இருப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. விரிந்த வாயில் நுழையும் தண்ணீர், குறுகிக்கொண்டே போகும் தொண்டையில் உயர்ந்துகொண்டே போகும். புனல் வழியாக எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயந்தான்.

துண்டு துண்டாக ஒரு சாலை

இந்த ஊர்களைக் கோத்துக்கொண்டு செல்லும் பழைய சாலைக்கு 45-ம் எண் தேசியச் சாலை என்று பெயர். மலையில் ஏறும், கடலோரத்துக்கு இறங்கும், மறுபடியும் ஏறும். காகம் பறந்தால் கால் மணியில் போய்விடக்கூடிய பக்கத்து ஊருக்கு, வண்டி வளைந்து வளைந்து போக வேண்டும். சென்டாயிலிருந்து ஹச்சினோஹே போய்ச் சேர எட்டரை மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே மலைகளைக் குடைந்து, பள்ளத்தாக்குகளுக்குப் பாலம் போட்டு, நேராக ஒரு சாலை வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். சான்ரிக்கு விரைவுச் சாலையின் முதல் துண்டு 1982-ல் திறக்கப்பட்டது. அது சென்டாய்க்குச் சற்று வடக்கே, தீவுகளின் அழகுக்குப் பேர்போன மட்சுஷிமா பக்கத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. அவசரமில்லாத பாட்டி கம்பளி பின்னுவதுபோல் வேலை நடந்தது. நடுவில் எத்தனையோ இடங்களில் சாலை வெறும் படத்தில் மட்டுமே இருந்தது.

அவசரமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஒரு சாலை போடத் தகுதியானதுதானா என்று பார்க்க ஜப்பானிய அதிகாரிகள் ஒரு கணக்குப் போடுவார்கள். செலவு ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். வரவுப் பக்கத்தில் மூன்று இனங்கள்: பிரயாணிகளுக்கு மிச்சமாகும் நேரம், வண்டிக்கு மிச்சமாகும் செலவு, குறையும் விபத்துக்கள். மூன்றும் நியாயமான இனங்கள்தான். ஆனால் மூன்றுமே எத்தனை வண்டி ஓடும் என்பதைப் பொறுத்தவை. டோக்கியோ அருகில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடும், வரவு கொழிக்கும். சான்ரிக்கிலோ ஊர்கள் சிறியவை. இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலையைக் குடைய ஆகும் செலவோ மிக அதிகம். கணக்கு எப்படி உதைக்காமல் இருக்கும்?

'ஒரு தலைமுறைக்கு ஒரு முறை கடல் ஊருக்குள் வந்தால், அன்று இந்தச் சாலை எத்தனை உயிரைக் காப்பாற்றும்?' என்ற நாலாவது இனத்துக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

ஆறே நாள் வயதான சாலை

கமாயிஷி என்பது இரும்பு ஆலைக்குப் பேர்போன ஊர். அதன் வடக்குப் பக்கத்தில் 4.6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுச் சாலையை 2011-ம் வருஷம் மார்ச் 5-ந் தேதி திறந்தார்கள். இவ்வளவு சின்னத் துண்டைத் திறப்பதில் வெளியூர்க்காரர்களுக்கு என்ன அக்கறை இருந்திருக்கப் போகிறது?

ஆறு நாள் கழித்து, மார்ச் 11-ந் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி ஆடியது. ஜப்பான் கண்டிராத பெரிய பூகம்பம், அளவு 9.

கமாயிஷிக்கு வடக்கே உனோசுமாய் என்ற இடத்தில், கடலுக்குப் பக்கத்தில், ஓர் ஆரம்பப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் அடுத்தடுத்து இருந்தன. அந்தப் பக்கத்து ஜனங்களிடம் பழைய வாக்கு ஒன்று உண்டு: 'சுனாமி தெந்தென்கோ.' அதாவது, சுனாமி என்றால் அவரவர் அவரவராக ஓடுங்கள். அம்மாவைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அம்மாவும் ஓடியிருப்பாள் என்று நம்புங்கள். கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தோன்றுகிறது அல்லவா? ஒருவரையொருவர் தேடிப்போய்க் குடும்பம் குடும்பமாக மாண்ட அநுபவத்தில் பிறந்த வாக்கு அது. கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் சில வருஷங்களாகக் கமாயிஷி பள்ளிகளுக்கு வந்து இந்தப் பாடத்தைக் குழந்தைகளுக்குப் பழக்கியிருந்தார்.

நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து, மூன்றாவது மாடிக்கு ஏறியிருந்த ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளும் இறங்கி அவர்களோடு ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பே ஏற்பாடு செய்திருந்த இடத்தை அடைந்ததும், பின்னால் இருந்த மலைச் சரிவு உதிர்வது தெரிந்தது. இன்னும் மேலே ஓடினார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், ஊர் மேல் தண்ணீர். இன்னும் மேலே ஓடினார்கள். அன்று பள்ளியில் இருந்த சுமார் 570 குழந்தைகளும் பிழைத்தார்கள்.

ஓடி வந்தாயிற்று, ராத்திரி எங்கே தங்குவது? மார்ச் மாதக் குளிர். கீழே பழைய சாலை தண்ணீருக்கும் குப்பைகூளத்துக்கும் அடியில் கிடந்தது. அவர்களுக்கு எட்டும் தூரத்தில் முழுசாக நின்றது, ஆறு நாள் முன்பு திறந்த அந்தப் புதிய சாலை ஒன்றுதான்! அந்த வழியாகப் போன லாரிகளில் குழந்தைகளை ஏற்றி, கமாயிஷியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

சோகத்தையும் சொல்லத்தான் வேண்டும். அதே உனோசுமாயில், தண்ணீர் எட்டாத இடம் என்று நம்பி ஒரு பொதுக் கட்டடத்தில் போய் ஒதுங்கிய நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே மாண்டுபோனார்கள். ஜப்பான் முழுவதிலுமாகச் சுமார் 18,000 பேர் இறந்தும் காணாமலும் போன நாள் அது.

சீப்பும் அதன் பற்களும்

கடலோர ஊர்கள் ஒன்றுக்கொன்று துண்டாகிவிட்டன. மினாமி சான்ரிக்கில் 45-ம் எண் சாலையின் பாலம் அலையோடு போய்விட்டது. ரிக்குசென்தகாத்தாவிலும் அப்படியே. உணவும் மருந்தும் எந்த வழியாகப் போவது?

அதிகாரிகள் தலைவாரும் சீப்பை நினைத்துக்கொண்டார்கள்! கடலுக்கு வெகு தூரத்தில், உள்நாட்டில், வடக்கு தெற்காக ஒரு பெரிய விரைவுச் சாலை ஓடுகிறது. அதைச் சீப்பின் முதுகாக வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி 16 பாதைகள், அவை பற்கள். ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்தார்கள். மறுநாளே 11 பாதைகள் திறந்தன. நாலாம் நாள் 15. ஒரு வாரத்துக்குள் கடலோரச் சாலையிலும் பெரும்பகுதி வண்டி போகும்படி ஆகிவிட்டது. இந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயரே 'சீப்புப் பல் திட்டம்' என்பதுதான்.

சான்ரிக்கு விரைவுச் சாலையின் முடிந்த துண்டுகள் இந்தச் சமயத்தில் கைகொடுத்தன. மலைமேல் உயரத்தில் போட்டிருந்ததால் அவற்றுக்குப் பெரிய சேதம் இல்லை. சென்டாய்க்குத் தெற்கே உள்ள சமவெளியில் இன்னொரு விரைவுச் சாலை, மண்மேட்டின் மேல் ஏழிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அந்த மேட்டின் மீது ஏறிக்கொண்ட சுமார் 230 பேர் உயிர் தப்பினார்கள். வண்டிக்காகக் கொட்டிய மண் மனிதர்களுக்கு மலையாக நின்றது.

பத்து வருஷத்தில்

அதற்கப்புறம் கணக்குப் புத்தகத்தை ஒருபுறம் வைத்தார்கள். 2011-ம் வருஷம் நவம்பர் மாதமே, இந்தச் சாலை முழுவதையும் முடித்துவிடுவது என்று அரசாங்கம் பணம் ஒதுக்கியது. சாதாரண நாளில் தீர்மானத்துக்கும் முதல் மண்வெட்டிக்கும் நடுவில் பல வருஷங்கள் ஓடிவிடும். இங்கே ஏறக்குறைய ஒரு வருஷத்தில் வேலை ஆரம்பமாகிவிட்டது.

அது சுலபமாகவும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றால், பத்திரம் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகள் தேசம் முழுவதும் சிதறியிருப்பார்கள். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பாகப்பிரிவினை ஆகாத சொத்து என்றால் என்ன பாடு என்பதை நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

மலையைக் குடைந்து எடுத்த மண்ணும் வீண்போகவில்லை. அலையில் அழிந்த ஊர்களின் தரையை உயர்த்துவதற்கு அது பயன்பட்டது.

1982-லிருந்து 2011 வரை இருபத்தொன்பது வருஷங்களில் துண்டு துண்டாகக் கிடந்த சாலை, அடுத்த பத்தே வருஷங்களில் ஒன்றாகக் கோக்கப்பட்டது. 2021-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி, கடைசித் துண்டு திறந்தது.

வாருங்கள், போய் வருவோம்

இப்போது சென்டாயில் வண்டி ஏறினால், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமானால் ஹச்சினோஹே. சென்டாயை ஒட்டிய பகுதியில் சுங்கம் உண்டு; அதைத் தாண்டினால் பெரும்பகுதி இலவசம்.

மட்சுஷிமா தீவுகளைத் தாண்டி இஷினோமாக்கி நகரம் வருகிறது. இந்த ஊரின் செஞ்சிலுவை ஆஸ்பத்திரியை 2006-ல் கடலை விட்டு உள்ளே தள்ளி, இந்தச் சாலைக்கு அருகில் கட்டிக்கொண்டார்கள். 2011-ல் ஊரின் மற்ற வைத்தியசாலைகள் தண்ணீரில் தவித்தபோது அதுதான் அந்தப் பக்கம் முழுமைக்கும் தாயாக நின்றது.

அடுத்து, கெசென்னுமா. இங்கே விரிகுடாவின் மேலேயே பாலம் போட்டிருக்கிறார்கள். 1,344 மீட்டர் நீளம். உயர்ந்த தூண்களிலிருந்து விசிறி மடிப்புப்போல் இறங்கும் கம்பிகள். கீழே மீன்பிடி கப்பல்கள். 2021 மார்ச் 6-ந் தேதி திறந்த இந்தப் பாலத்தைக் 'கனயே' பாலம் என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அது விரிகுடாவின் பழைய பெயரிலிருந்து வந்தது. 'நினைத்தது நிறைவேறும்' என்ற அர்த்தமும் அதில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ரிக்குசென்தகாத்தாவில் கரையோரம் ஒற்றைப் பைன் மரம் ஒன்று நிற்கும். சுமார் 70,000 மரங்கள் இருந்த தோப்பில் அலைக்குப் பிறகு மிச்சமானது அது ஒன்றுதான். பிறகு உப்பு ஏறி அதுவும் பட்டுப்போயிற்று. ஆனாலும் அதைப் பதப்படுத்தி, இருந்த இடத்திலேயே ஞாபகச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிறகு கமாயிஷி. அந்த இரண்டு பள்ளிகளும் இருந்த இடத்தில் இப்போது ஒரு விளையாட்டு அரங்கம் இருக்கிறது. 2019-ல் உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் ஒன்று அங்கே நடந்தது. ஃபிஜியும் உருகுவேயும் மோதின, உருகுவே ஜெயித்தது.

மியாகோவைத் தாண்டினால் தாரோ என்ற சிற்றூர். பத்து மீட்டர் உயரத்தில் 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பி, சீனத்துப் பெருஞ்சுவருக்கு ஒப்பிடும்படி பேர் வாங்கிய ஊர். 2011-ல் அலை அதையும் ஏறிக் குதித்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே ஓமோட்டோ என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். பின்னால் செங்குத்துப் பாறை. அதன்மேல் தேசியச் சாலை. அலை வந்தால் குழந்தைகள் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆகவே 2009-ல் பள்ளியின் பின்புறத்திலிருந்து சாலைக்கு நேராக 130 படிகள் கட்டினார்கள். இரண்டே வருஷத்தில் 88 குழந்தைகள் அந்தப் படிகளில் ஏறித் தப்பினார்கள்.

கடைசியாகத் திறந்த துண்டு ஃபுதாய் கிராமத்துக்கும் கூஜி நகரத்துக்கும் நடுவில் உள்ளது. ஃபுதாயில் வாமுரா கோட்டோக்கு என்று ஒரு கிராமத் தலைவர் இருந்தார். 1933-ம் வருஷத்துச் சாவுகளைக் கண்ணால் பார்த்தவர். 15.5 மீட்டர் உயரத்தில் மதகு கட்டியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். "இத்தனூண்டு ஊருக்கு இவ்வளவு பெரிய மதகா? வீண் செலவு!" என்று குறை சொன்னார்கள். 1984-ல் மதகு முடிந்தது. அவர் காலமான பிறகுதான் அந்த அலை வந்தது. மதகுக்குப் பின்னால் இருந்த கிராமம் பிழைத்தது.

கூஜி வந்துவிட்டது. இங்கே மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கி, கடல் முள்ளெலி எடுத்துவரும் பெண்கள் உண்டு. 'அமா' என்று அவர்களுக்குப் பெயர். 2013-ல் இவர்களை வைத்து 'அமா-சான்' என்ற காலை நேரத் தொடர் நாடகம் தொலைக்காட்சியில் வந்து, ஜப்பானில் வீட்டுக்கு வீடு அதே பேச்சாக இருந்ததாம். தொடர்கதை மோகம் நமக்கு மட்டும் சொந்தமில்லை, பாருங்கள்!

வரவும் செலவும்

இவ்வளவு சொன்ன பிறகு, எல்லாம் நன்மைதான் என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். விரைவுச் சாலை வந்ததும் 45-ம் எண் சாலையோரத்துக் கடைகளில் வண்டி நிறுத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். முன்பு ஊருக்குள் நுழைந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுப் போன பிரயாணி, இப்போது தலைக்கு மேலேயே போய்விடுகிறார். மீன் வெகு சீக்கிரம் சென்டாய்க்குப் போகிறது, இளைஞர்களுந்தான்! கரையோர ஊர்களில் ஜனத்தொகை இன்றைக்கும் குறைந்துகொண்டே வருகிறது. சாலையால் ஊரை இணைக்க முடியும். ஊரில் ஆள் இருக்கச் செய்வது சாலையின் கையில் இல்லை.

அப்படியானால் பழைய கணக்குத்தான் சரியோ? இத்தனை குறைந்த ஜனங்களுக்கு இத்தனை பெரிய சாலை தேவைதானா?

வீட்டில் நாம் எப்படிக் கணக்குப் பார்க்கிறோம்? பால், அரிசி, வாடகை என்று எழுதுகிறோம். ஆனால் அலமாரி மூலையில் ஒரு டப்பாவில் கொஞ்சம் பணம் தனியாக இருக்கும். அதற்கு வட்டி இல்லை, வரவு இல்லை. வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதுதான் அந்த டப்பாவின் மதிப்புத் தெரியும். அதை வீண் என்று எந்தத் தாயாராவது சொல்வாளா?

சான்ரிக்குச் சாலையில் சில இடங்களில், கீழே ஊரிலிருந்து மேலே சாலைக்கு நேராகப் படிக்கட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு மட்டுமே உரிய விரைவுச் சாலையில் கால்நடையாக ஏறும் படிக்கட்டு எதற்கு என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. சாதாரண நாட்களில் அதில் யாரும் ஏறுவதும் இல்லை. கைப்பிடிக் கம்பியில் பனி உறைகிறது, உருகுகிறது, படிகளின் இடுக்கில் புல் முளைக்கிறது. ஒரு நாளும் உபயோகப்படாமலே அந்தப் படிகள் தேய வேண்டும் என்றுதான் அந்த ஊர்த் தாய்மார்கள் வேண்டிக்கொள்வார்கள். ஆனால் படிக்கட்டு வேண்டாம் என்று மாத்திரம் சொல்லமாட்டார்கள்.